மூன்றாவது கயிறு

படுவான்கரை வயல் வட்டைக்கு, கிளச் இல்லாமல் தானே கியர் மாற்றுகிற ஓட்டோ கியர் கெப்பில் போகிற ஒரு பைத்தியக்காரி இருக்கிறாள் என்று ஏறாவூரில் ஒரு பேச்சு உண்டு. அந்த ஆள் நான்தான். வட்டைக்குப் போவது உண்மை, ஓட்டோ கியர் என்பதும் உண்மை. பைத்தியம் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். என் கலியாணத்தின்போது உம்மா எனக்கு எழுதித் தந்த வயல் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிறது. செங்கலடியில் திரும்பி, கறுத்தப்பாலம் தாண்டிப் பதுளை வீதியில் போய், கிரவல் பாதையில் இறங்கி நாலு மைல் கட்டை உள்ளே போனால் எங்கள் வட்டை வரும். கண்ணுக்கெட்டிய மட்டும் வயலும் வரம்பும்தான். அதில் ஒரு துண்டு என்னுடையது. உறுதிப் பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது. ஆனால் பதினான்கு வருடமாக அதில் வெள்ளாமை செய்தவர் என் காக்கா. கூடப் பிறந்த அண்ணனை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், வெளியூர்க்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

காக்கா கெட்ட மனிதர் இல்லை. நோன்பு காலத்தில் முதல் கஞ்சி என் வீட்டுக்குத்தான் அனுப்புவார். என் கணவர் கத்தாரில் பெரிய லொறி ஓட்டுகிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அவர் அனுப்பியதில் வாங்கிய, பின்னால் மூட்டை ஏற்றுகிற மெனுவல் கெப் என் முற்றத்தில் நின்றது. அதன் சாவி காக்காவின் சாரத்து மடிப்பில் இருந்தது. வட்டையைப் பார்க்க நானும் வருகிறேன் என்று கேட்டால், மாரி காலத்தில் சேறு என்பார், கோடையில் புழுதி என்பார். வருடத்தில் ஒரு தடவை, வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகு, கிரவல் பாதையில் கெப்பை நிறுத்தித் தூரத்தில் கையைக் காட்டுவார். "அந்தா தெரியிற புளியமரத்துக்கு இஞ்சால உங்குட பூமி" என்பார். நானும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சமைப்பேன்.

அப்படியே இருந்திருப்பேன். ஒரு மாரியில் வாய்க்கால் உடைத்தது.

வயல் குடிலான வாடியிலேயே தங்கி வெள்ளாமையைப் பார்க்கிறவரை எங்கள் பக்கத்தில் முல்லைக்காரர் என்பார்கள். எங்கள் முல்லைக்காரர் படுவான்கரைத் தமிழ் ஆள், என் வயதுதான் இருக்கும். விதைத்துப் பத்து நாள் ஆன ஒரு காலையில் அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணர்ர போன் வேல செய்யுதில்ல தங்கச்சி. வாய்க்கால் உடைச்சிட்டு. உடன சாக்கும் நாலு ஆக்களும் வேணும், கெப்ப அனுப்புங்க."

காக்கா காத்தான்குடியில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். கெப் என் முற்றத்தில் நின்றது. மாற்றுச் சாவி அலுமாரியில் இருந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். அது நாலு தரம் குதித்துக் குதித்து நின்றது. ஐந்தாம் தரம் வாசல் கேற் தூணில் முட்டி நின்றது. என் காணி தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்க, என் வாகனத்துக்குள் இருந்து நான் அழுதேன். பயத்தில் அழவில்லை. ஆத்திரத்தில் அழுதேன்.

முளை எல்லாம் அழுகிப்போனது. "அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லிவிட்டுக் காக்கா சோறு கேட்டார். நாட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போனை அணைத்துவிட்டுச் சாவியை மடியில் செருகிக்கொண்டு கலியாணத்துக்குப் போனது ஒரு மனிதர்.

அடுத்த வாரமே ஓட்டப் பழக்குங்கள் என்று அவரிடமே கேட்டேன். கடற்கரைப் பக்கம் ஒரு வெறும் வளவில் இரண்டு கிழமை பழக்கினார். கிளச்சை விடும்போது கெப் நின்றுபோகும். நின்றுபோகும்போதெல்லாம் "பாத்தியா புள்ள" என்பார். சத்தம் போட மாட்டார், திட்டவும் மாட்டார். "பாத்தியா" மட்டும்தான். பதினோராம் நாள் போல எனக்கு விளங்கியது, இந்த மனிதர் எனக்குக் கிளச்சைப் பழக்கவில்லை. என்னால் ஏலாது என்பதைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கே அது தெரிந்திருக்காது.

நான் கெப்பை விட்டு இறங்கி, மட்டக்களப்பில் ஒரு பயிற்சிப் பாடசாலைக்குப் போனேன். ஓட்டோ கியர் வாகனத்தில் ஓடிக் காட்டி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். ஓட்டோ வாகனம் மட்டும் ஓட்டலாம் என்று அதிலேயே போட்டிருக்கும். காக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரை லைசன்" என்றார். முற்றத்தில் நின்ற கெப்பை விற்று, பழைய ஓட்டோ கெப் ஒன்றை வாங்கப்போகிறேன் என்றேன். அன்றைக்குப் பின்னேரமே வீட்டில் கூட்டம் கூடியது.

கூட்டம் என்றால் காக்காவும் நானும்தான். சீனிப் பேணியில் சாய்த்து வைத்த போனுக்குள் என் கணவர் இருந்தார். காக்கா விரலை மடக்கிப் பேசினார். "ஓட்டோ வட்டைக்குச் சரிவரா. சேத்துக்குள்ள அது தன்ட எண்ணத்துக்குக் கியர மாத்தும், டயர் சுத்திச் சுத்திக் குழி தோண்டும். ஓடைக்கு இறங்கக்குள்ள கியர்ல பிடிச்சி இறக்க ஏலா. பெற்றில கரண்ட் செத்தா தள்ளி ஸ்டாட் எடுக்கவும் ஏலா. அந்தக் காட்டுக்க ஆர் வருவா?"

மூன்றும் சரியான நியாயம். அதை நான் அப்போதும் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கமாட்டேன். மெனுவலில் எந்தக் கியரில் போவது என்பது ஓட்டுகிறவரின் கையில் இருக்கிறது. ஓட்டோவில் பாதி முடிவை அது எடுக்கும். ஆனால் அந்த நியாயத்துக்குள் ஒளிந்திருந்த இன்னொன்றை அவர் சொல்லவில்லை. மெனுவல் வாங்கினால் ஓட்டப்போவது அவர். ஓட்டோ வாங்கினால் ஓட்டப்போவது நான்.

"இஞ்ச பாலைவனத்தில ஏறி இறங்கிறதெல்லாம் ஓட்டோதான் மச்சான்" என்றார் போனுக்குள் இருந்தவர்.

"அது மணல். இது சேறு. மணல் விடும், சேறு விடா."

என் கணவர் நெல் விலைக்குப் பேச்சை மாற்றினார். மனைவிக்காக மச்சானைப் பகைக்க இரண்டாயிரம் கட்டைக்கு அப்பால் இருந்து யாரும் விரும்பமாட்டார்கள். அப்போதுதான் காக்கா அந்த நிபந்தனையைப் போட்டார். வரப்போகிற போகம் முடிவதற்குள் மூன்று தரம் உழவு மெசினில் கயிறு கட்டி என் கெப்பை இழுக்க வேண்டி வந்தால், அதை விற்றுவிட்டுப் பழையபடி மெனுவல் வாங்க வேண்டும், சாவி அவரிடம், வெள்ளாமையும் அவரிடம். மூன்றாவது கயிறு விழாவிட்டால் வட்டையில் அவர் தலையிடமாட்டார்.

"சரி" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

முதல் கயிறு, புதுக் கெப் கைக்கு வந்து வட்டைக்கு ஓடத் தொடங்கிய ஐந்தாம் நாளே விழுந்தது. விதை நெல் ஏற்றிக்கொண்டு போனேன். கிரவல் முடிந்து களிமண் தொடங்குகிற இடத்தில் கெப் மெல்லப் புதைந்தது. நான் பயந்து, டி என்ற வழக்கமான ஓட்ட நிலையில் போட்டபடியே அக்சல் மிதியை அமத்தினேன். காக்கா சொன்னபடியே நடந்தது. அது ஒரு கியர் ஏறியது, பிறகு இறங்கியது, டயர் சுற்றியது, அச்சு வரை போய்க் குந்திக்கொண்டது. வட்டையில் நின்ற அத்தனை பேரும் வந்து பார்த்தார்கள். யாரோ எடுத்த படம் நான் வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்பே ஏறாவூருக்குப் போய்விட்டது. சேற்றுக் காலோடு நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிற படம். இன்றைக்கும் என் போனில் வைத்திருக்கிறேன். நல்ல படம்தான்.

அதன் பிறகு நான் அந்தப் பாதையை நடக்கத் தொடங்கினேன். களிமண் தொடங்குகிற இடத்தில் கெப்பை நிறுத்துவேன். செருப்பைக் கழற்றி, சல்வாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, டயர் போகிற தடத்தில் நானே முதலில் நடப்பேன். கணுக்கால் வரை புதைந்தால் போகலாம். அதற்கு மேலே புதைந்தால் அந்த இடத்தில் ஒரு கம்பை நட்டு, சுற்றிப் போகிற வழியைப் பார்ப்பேன். பாதையில் எங்கே அடிமண் கல்லு, எங்கே உளைச் சேறு என்று என் உள்ளங்காலுக்குத் தெரியும். பதினான்கு வருடம் கெப்பில் உட்கார்ந்து போன காக்காவுக்கு அது தெரியாது.

ஓட்டுவதிலும் சிலதைக் கண்டுபிடித்தேன். சேற்றுக்குள் போன பிறகு கியரை மாற்றக்கூடாது. உலர்ந்த இடத்திலேயே நிறுத்தி, நாலு சக்கரச் சில்லும் இழுக்கிற சின்னக் கம்பியைப் போட்டு, பெரிய கம்பியை எல் என்ற ஆகக் குறைந்த கியருக்கு இறக்கிவிட வேண்டும். பிறகு அதற்குத் தன் எண்ணத்துக்குக் கியர் மாற்ற இடமில்லை. ஓடைக்குள் இறங்கும்போதும் அந்த எல்தான் கெப்பைப் பிடித்துக்கொள்ளும். பெரிய விஷயம் வேறு. ஓட்டோவில் அக்சலில் இருந்து காலை எடுத்தாலும் அது நிற்காது. மெல்ல நடக்கும். கிளச்சில் பாதிக் காலை வைத்து, எரிந்த மணம் வரும்வரை தேய்த்து எடுக்கிற அந்த நடையை, இது கேட்காமலே தரும். அந்த நடைக்குச் சேறு வழிவிடும். இதைக் காக்காவிடம் சொன்னபோது, "வாங்கின நாளையில இருந்து அதுதான் நடக்குதே புள்ள, எப்ப ஓடும்?" என்றார்.

இரண்டாம் கயிற்றை நான் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ளவில்லை. உரப்பசளை கொண்டுபோன நாள். முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றி மாற்றி எடுத்ததில் கியர் எண்ணெய் சூடேறி ஒரு மணம் வந்தது. ஓட்டோவின் குறை அது. கிளச் எரிந்தால் ஒரு தட்டோடு போகும், இது எரிந்தால் முழுக் கியர்ப் பெட்டியும் போகும். அதனால் நிறுத்தி ஆறவிட்டேன். லுஹர் நேரமாகிவிட்டது, வாடிக்குப் போய்த் தொழுதேன். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பிப் பார்த்தால் பக்கத்து வயல்காரர்கள் உழவு மெசினில் கயிறு கட்டிக் கெப்பை மேட்டில் ஏற்றிவிட்டு, உதவி செய்த முகத்தோடு நிற்கிறார்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் மனம் வரவில்லை. காக்கா அதையும் கணக்கில் எடுத்தார். "கயிறு கயிறுதான்" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் ஒரு கயிறும் விழவில்லை. பயிர் சூல்கொண்டு குடலைக்கு வந்தது, கதிர் தள்ளியது, பழுத்தது. வாரத்தில் மூன்று நாள் நான் வட்டையில் நின்றேன். முல்லைக்காரர் என்னிடம் நேரே யோசனை கேட்கத் தொடங்கினார். அந்தச் சந்தோசத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு காணி கிடைத்ததுபோல இருந்தது, அது பதினான்கு வருடமாக என் பெயரிலேயே இருந்தும்.

வெட்டு நாளும் வந்தது. அறுவடை மெசின் காலையிலேயே இறங்கிவிட்டது. வானம் கிழக்கில் கறுத்திருந்தது, மழைக்கு முன்னே மூட்டைகளைக் கிரவலுக்குக் கொண்டுபோக வேண்டும். லொறி உள்ளே வராது. என் கெப்தான் நடை நடையாக ஏற்ற வேண்டும். காக்காவும் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார், வெட்டைப் பார்க்க. அவர் கயிற்றைப் பார்க்கத்தான் வந்தார் என்று நான் நினைத்தேன்.

அன்றைய பிழை என்னுடையது. வாடியில் கரண்ட் இல்லை. வேலையாட்கள் போன் சார்ஜ் போடக் கேட்டார்கள், ஐந்து போன். கூடவே கிரிக்கெட் கேட்க ரேடியோவும் கேட்டார்கள். பாவம் என்று சாவியைத் திருப்பி விட்டுவிட்டு நான் மெசின் பின்னால் போய்விட்டேன். மத்தியானம் வந்து திருப்பினால் கெப் ஒரு முக்கல் முக்கியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"தள்ளுவம்" என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு நின்றுபோன வாகனத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஏழெட்டுப் பேர் பின்னால் கூடிவிட்டார்கள்.

"இது தள்ளி ஸ்டாட் வரா" என்றேன். இரண்டாம் தரமும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. காக்கா கூட, மூன்றாவது நியாயமாக இதை வீட்டுக் கூட்டத்தில் சொன்ன அதே காக்கா, முன்னால் ஓடிவந்து கையை ஆட்டினார். இத்தனை வருடப் பழக்கம் அவருடைய நியாயத்தையே மறக்கடித்துவிட்டது. எனக்குத் திமிர் ஏறியது. சரி, பார்க்கட்டும் என்று கம்பியை நியூட்ரலில் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

கெப் உருண்டது. "கிளச்ச விடு புள்ள" என்று காக்கா கத்தினார். "கிளச்ச விடுங்க, கிளச்ச விடுங்க" என்று பின்னால் எல்லோரும் கத்தினார்கள். இல்லாத கிளச்சை நான் எங்கே விடுவது? சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்ததில் சரிவு வந்ததைக் கவனிக்கவில்லை. என்ஜின் ஓடாத வாகனத்தின் பிரேக் கல்லுமாதிரி இருக்கும். இரண்டு காலாலும் அமத்தினேன். கெப், தாம்போதி என்கிற தரைப்பாலத்துக்குப் பக்கத்தில், ஓடையின் சேற்றில் முன்சில்லு இரண்டையும் இறக்கிவிட்டு நின்றது.

காக்கா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, உழவு மெசின்காரரைப் பார்த்து, "கயித்தக் கொண்டாங்க" என்றார். குரலில் சந்தோசம் இருக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. முடிந்துபோன காரியத்துக்குப் பேசுகிற குரல் அது.

நான் இறங்கிப் பின்பக்கம் போனேன். கெப்பின் பின் கொக்கியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"கயிறு வேணாம். ஆசனத்துக்குப் பின்னால வயர் இரிக்கி. மெசின்ட பெற்றில இருந்து கரண்ட் மட்டும் தாங்க."

"சேத்துக்க கிடக்கிற வாகனம் புள்ள. ஸ்டாட் வந்தாலும் ஏறா. மழ வருது."

"வரட்டும். நீங்க மூணு கயிறு எண்டு சென்னீங்க. மூணாவத நான் தர மாட்டன்."

கொக்கியில் இருந்து கையை எடுக்கவில்லை. ஒரு பெண் பிள்ளையின் கையைத் தட்டிவிட்டுக் கயிறு கட்ட அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. அதையும் நான் தெரிந்துதான் செய்தேன். முல்லைக்காரர் வயரை எடுத்து வந்தார். உழவு மெசினைப் பக்கத்தில் கொண்டுவரச் செய்து, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் பிடித்தார். சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

"இது இழுத்ததில சேராதண்ண" என்றார் முல்லைக்காரர், காக்காவைப் பார்க்காமல். "கரண்ட்தானே குடுத்தது."

நான் சேற்றுக்குள் இறங்கி நடந்து பார்த்தேன். முன்சில்லு நின்ற இடம் உளை. பின்சில்லுக்குப் பின்னால் ஒரு முழம் தாண்டினால் கால் கல்லில் பட்டது. வெறும் உரப்பைகளை எடுத்து நாலு சில்லுக்கும் பின்னால் என் கையாலேயே திணித்தேன். நாலு சில்லும் இழுக்கிற கம்பியைப் போட்டேன், றிவேர்சில் போட்டேன், பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன். அக்சலைத் தொடவில்லை. தொடவேண்டும்போல கால் துடித்தது. தொடவில்லை.

கெப் ஒரு கணம் அசையவில்லை. பிறகு நடந்தது. உரப்பையைக் கவ்விக்கொண்டு, பின்பக்கமாக, ஒரு சாண், இன்னொரு சாண். பின்சில்லு கல்லில் ஏறியதும்தான் அக்சலை மெல்லத் தொட்டேன். மேட்டில் வந்து நின்றதும் முல்லைக்காரர் கதவைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

மழை பிடித்தபோது கடைசி நடை மூட்டையையும் கிரவலில் இறக்கிவிட்டு வட்டைக்குத் திரும்பி வந்திருந்தேன். காக்காவின் மோட்டார் சைக்கிள் களிமண்ணில் இரண்டு முழம் போய் நின்றுவிட்டது. மட்காட்டுக்குள் மண் அடைத்துச் சில்லு சுற்றவில்லை. அதைத் தூக்கிக் கெப்பின் பின்பக்கம் போட்டோம். அவர் கொஞ்ச நேரம் மழையில் நின்றார். பிறகு முன்கதவைத் திறந்து, எனக்கு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். பதினான்கு வருடத்தில் அந்தப் பாதையில் அவர் உட்கார்ந்து பார்க்காத ஆசனம் அது.

நான் எல்லில் போட்டுக் காலை எடுத்தேன். களிமண் பாதை முழுக்கக் கெப் நடந்தே வந்தது. முதல் குழியில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். காக்காவின் இடது கால் தரையை மிதித்தது. அடுத்த குழியிலும் மிதித்தது. கிரவல் வரும்வரை ஒரு குழியையும் அவர் விடவில்லை.

"அங்க ஒண்டும் இல்ல காக்கா" என்றேன்.

காலை ஆசனத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டார். கறுத்தப்பாலத்தில் மறுபடியும் நீட்டிக்கொண்டார்.

வீட்டு முற்றத்தில் கெப்பை நிறுத்தினேன். இறங்கி வந்த காக்கா, பழக்கதோசத்தில், என் பக்கம் வந்து கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது, ஆனாலும் கை அப்படியே நின்றது. நான் சாவியைக் கழற்றி என் பைக்குள் போட்டு, பையின் வாயை இழுத்துப் பூட்டினேன்.

"வாங்க காக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.